ஹயாத்து முடியும்வரை வலி வேண்டாம்

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் வீடுகளில் வயதானவர்கள் தொழுது முடித்துக் கையேந்தும்போது கேட்கும் துஆ ஒன்று உண்டு. "கை கால் ஓடியாடித் திரியக்கொள்ளயே எடுத்திடு யா அல்லாஹ். பாயில போட்டுப் புள்ளையளுக்குப் பாரமாக்கிப் போடாத. ஈமானோட மவுத்தாக்கு." மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் சொற்கள் கொஞ்சம் மாறலாம், கேட்கும் விடயம் மாறாது.

மவுத்தைவிட, மவுத்துக்கு முன்னால் வரும் கிடப்புக்குத்தான் மனிதர்கள் கூடுதலாகப் பயப்படுகிறார்கள் என்பது அந்த துஆவிலேயே தெரிகிறது. நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் உரிமை தனக்கில்லை என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. ஹயாத்தை, அதாவது ஆயுளை, எழுதியவன் எவனோ அவனிடமே விண்ணப்பம் போகிறது.

இந்தப் பயத்துக்கு உலகின் பல நாடுகள் இன்று வேறொரு விடையைத் தேடியிருக்கின்றன. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல், ஆறு மாதங்களுக்கு மேல் வாழ மாட்டார் என்று இரு வைத்தியர்கள் உறுதிசெய்த நோயாளி, தானே உட்கொண்டு உயிரை முடித்துக்கொள்ளும் மருந்தைச் சட்டப்படி பெறலாம். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 இல் சட்டம் வந்தது. கனடாவில் 2016 இல் வந்தது. 2023 இல் அந்நாட்டு மரணங்களில் 4.7 வீதம் இவ்வழியில் நிகழ்ந்தன. நியூசிலாந்து 2020 இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது, 65.1 வீதத்தினர் ஆம் என்றனர். இலங்கையர் பெருமளவில் குடியேறியிருக்கும் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019 இலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

கல்முனையில் இதே கேள்வியைக் கேட்டால் பதில் ஒரே சொல்லில் வரும்: ஹராம். அந்தப் பதிலில் தடுமாற்றம் இல்லை. ஆனால் பேச்சும் அத்தோடு நின்றுவிடுகிறது. புற்றுநோய் எலும்புக்குள் பரவி இரவெல்லாம் முனகும் வாப்பாவுக்கு என்ன செய்வது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரத்தின் துணையோடு மூச்சுவிடும் உம்மாவை எதுவரை அப்படி வைத்திருப்பது என்ற கேள்விகளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் பதிலாகாது. அவற்றுக்கு மார்க்கத்திலேயே விரிவான பதில்கள் இருக்கின்றன. அவை வீடுகளுக்கு வந்து சேர்ந்தால் பல குடும்பங்களின் குற்ற உணர்ச்சியும் பல நோயாளிகளின் வேதனையும் குறையும்.

நான்கு வேறு விடயங்கள்

பேச்சுவழக்கில் "கருணைக் கொலை" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. நோயாளி கேட்டதன் பேரில் வைத்தியர் உயிரைப் போக்கும் ஊசியை ஏற்றுவது ஒன்று. மருந்தை எழுதிக்கொடுத்து நோயாளியே அதை அருந்த விடுவது இரண்டாவது. இனிப் பயனில்லை என்றான சிகிச்சையைத் தொடங்காமலோ நிறுத்தியோ நோயை அதன் வழியில் போக விடுவது மூன்றாவது. வலியைத் தணிப்பதற்காக, பக்கவிளைவு இருக்கலாம் என்று தெரிந்தே, தேவையான அளவு மருந்து கொடுப்பது நான்காவது.

முதல் இரண்டிலும் நோக்கம் மரணம். மூன்றாவதில் நோயாளியை எடுத்துக்கொண்டு போவது நோய். நான்காவதில் நோக்கம் நோவைத் தணிப்பது மட்டுமே. இஸ்லாமிய மார்க்கச் சட்டம் முதல் இரண்டையும் தடுக்கிறது. மூன்றாவதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. நான்காவதை நல்ல காரியமாகவே பார்க்கிறது. கல்முனையின் பல வீடுகளில் நான்கும் ஒன்றாகவே எண்ணப்படுவதால், மோர்பின் மருந்தைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்திருக்கிறது.

சட்டம் சொல்வது

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டு பிரித்தானியர் காலத்தில் எழுதப்பட்டது. ஒருவர் தற்கொலை செய்வதற்கு உடந்தையாக இருப்பவருக்கு அதன் 299 ஆம் பிரிவு மரண தண்டனை விதிக்கிறது. 1976 க்குப் பிறகு நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. ஆகவே நோயாளியின் கையில் மருந்தைக் கொடுத்து மரணத்துக்கு உதவும் வைத்தியர் மிகக் கடுமையான குற்றத்துக்கு ஆளாவார்.

தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவரையும் ஒரு காலத்தில் சட்டம் குற்றவாளியாக்கியது. அந்த 302 ஆம் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளின் பின்னணியை மறக்க முடியாது. 1995 இல் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் என்ற அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினிதான் பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது. கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததும் வீதம் வெகுவாகக் குறைந்தது. கல்லோயாத் திட்டத்து நெல்வயல்கள் விரிந்து கிடக்கும் அம்பாறை மாவட்டத்தில் நஞ்சுப் போத்தலின் நினைவு எல்லாச் சமூகத்தவருக்கும் உண்டு. தானே உயிரை முடிப்பது பற்றிய எந்தப் பேச்சும் இங்கே அந்த நினைவோடுதான் காதில் விழுகிறது.

உயிர்காக்கும் கருவிகளை எப்போது நிறுத்தலாம் என்பதற்கும், "எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதிவைப்பதற்கும் இலங்கையில் தனிச் சட்டம் இல்லை. 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் மூளைச்சாவை ஏற்றுக்கொள்கிறது. அது உறுப்பு மாற்றத்துக்காக வந்த சட்டம். மற்றதெல்லாம் வைத்தியரும் குடும்பமும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டியவை.

மார்க்கம் வரைந்த எல்லை

உயிர் அமானிதம் என்பது இஸ்லாத்தின் அடிப்படை. அடைக்கலமாகத் தரப்பட்ட பொருளைக் காப்பவர் அழிக்க முடியாது. தன்னைத் தானே கொலை செய்வதைக் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் தடுக்கிறது. ஒரு உயிரை அநியாயமாகப் போக்குவதை மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாக ஐந்தாம் அத்தியாயம் வைக்கிறது. காயத்தின் வேதனை தாங்காமல் கத்தியால் தன் கையை வெட்டி இரத்தம் வடிந்து இறந்த ஒருவரைப் பற்றிய நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நோயாளி பொறுக்கமுடியாத வலியில் இருந்தார் என்பதே அங்கே கதை. எனவே "வலி இருந்தால் பரவாயில்லையா?" என்ற கேள்விக்குப் பழைய காலத்திலேயே விடை சொல்லப்பட்டுவிட்டது.

துன்பத்தின் காரணமாக மரணத்தை ஆசைப்படக் கூடாது என்றும் நபிமொழி உண்டு. ஆனால் அது அத்தோடு நிறுத்தவில்லை. கேட்டே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், வாழ்வு நலமாக இருக்கும்வரை வாழ வைக்கும்படியும் மரணம் நலமாகும்போது மரணிக்கச் செய்யும்படியும் கேட்கலாம் என்று அதே ஹதீஸ் வழிகாட்டுகிறது. கரையோரத்து மூத்தம்மாமாரின் துஆ அந்த வழிகாட்டலின் நாட்டு வடிவம்தான்.

வைத்தியம் செய்வது கட்டாயமா என்ற விடயத்தில் இன்னொரு சம்பவத்தை ஆலிம்கள் எடுத்துக்காட்டுவார்கள். வலிப்பு நோயால் அவதிப்பட்ட பெண்ணொருவர் நபியவர்களிடம் வந்து துஆச் செய்யும்படி கேட்டார். பொறுமையாக இருந்தால் சுவனம் கிடைக்கும், விரும்பினால் சுகத்துக்காக துஆச் செய்கிறேன் என்று இரண்டு வழிகள் அவர் முன் வைக்கப்பட்டன. அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். கூடவே, வலிப்பு வரும்போது தன் ஆடை விலகாமல் இருக்க துஆச் செய்யும்படி கேட்டார். அந்த துஆ செய்யப்பட்டது. சுகம் நிச்சயமில்லாத சிகிச்சையை மறுப்பது பாவமாகாது என்பதற்குச் சட்ட அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். நோயாளியின் மானம் காக்கப்பட வேண்டும் என்பதும் இதில் இருக்கிறது. வைத்தியசாலைக் கட்டிலில் திரையில்லாமல் கிடக்கும் ஒரு தாய்க்கு அந்தப் பெண் கேட்டதே தேவைப்படுகிறது.

நவீன இயந்திரங்கள் வந்த பிறகு ஆலிம்களும் வைத்தியர்களும் கூடி இந்தக் கேள்விகளை மீண்டும் எடுத்தார்கள். 1981 இல் குவைத்தில் உருவான இஸ்லாமிய மருத்துவ ஒழுக்கக்கோவை, உயிரைப் போக்கும் எந்தச் செயலையும் வைத்தியர் செய்யக்கூடாது என்கிறது. அதேவேளை மீளமுடியாத நோயாளியை அசாதாரணக் கருவிகளால் இழுத்துக்கொண்டே போவது வீண்முயற்சி என்றும் சொல்கிறது. 1986 ஒக்டோபரில் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, மூளை முற்றாகச் செயலிழந்து மீளாது என்று நிபுணர்கள் உறுதிசெய்தால் கருவிகளை அகற்றலாம் என்று தீர்மானித்தது. இதில் மாற்றுக் கருத்துள்ள ஆலிம்களும் இருக்கிறார்கள். சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு 1989 இல் ஒரு ஃபத்வாவில், நம்பகமான மூன்று நிபுணர்கள் பயனில்லை என்று கூறிய நிலையில் நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்க முயலாமல் விடலாம் என்றது.

நெஞ்சை அழுத்தி, குழாய் இறக்கி, மின்னதிர்ச்சி கொடுத்து, சில மணிநேரத்தை வாங்கும் முயற்சியை வேண்டாம் என்று சொல்லும் மகள் தன் வாப்பாவைக் கொல்லவில்லை. மார்க்க அறிஞர்கள் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

தற்கொலை செய்துகொண்டவரின் ஜனாஸா விடயத்திலும் ஊரில் குழப்பம் உண்டு. அத்தகைய ஒருவருக்கு நபியவர்கள் தாமே தொழுகை நடத்தவில்லை என்ற ஹதீஸ் இருக்கிறது. ஆனாலும் இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் உட்படப் பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு, அவருக்கும் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து அடக்க வேண்டும் என்பதே. செயலைக் கண்டிக்கும் மார்க்கம் மனிதரைக் கைவிடவில்லை.

அக்கம்பக்கத்து நம்பிக்கைகள்

அம்பாறை மாவட்டத்தின் 2012 குடிசன மதிப்பீட்டில் முஸ்லிம்கள் 43 வீதத்துக்கும் சற்று அதிகம். அதே மாவட்டத்தில் சிங்கள பௌத்தர்களும் தமிழ் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வாழ்கிறார்கள். கல்முனையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில். தெற்கே சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு. ஒரே ஊர்ப்பரப்பில் ஒரு வீட்டில் யாசீன் ஓத, மற்ற வீட்டில் சிவபுராணம் படிக்க, உயிர் பிரிகிறது. கடைசியில் ஒரு வாயில் ஸம்ஸம் தண்ணீர் விடுகிறார்கள், இன்னொரு வாயில் பால் பருக்குகிறார்கள்.

மரணத்தை அவசரப்படுத்தும் விடயத்தில் இந்த மதங்கள் எல்லாமே தயக்கம் காட்டுகின்றன. பௌத்தத்தில் உயிர்க்கொலை தவிர்ப்பதே முதல் சீலம். கத்தோலிக்கத் திருச்சபை கருணைக் கொலையை எதிர்த்தாலும், வலிநிவாரணம் ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும் அதைக் கொடுக்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 இலேயே வைத்தியர்களுக்குக் கூறினார். நோக்கம் எது என்பதே அங்கே அளவுகோல். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸும் எண்ணத்தைப் பற்றியதுதான் என்பதால் முஸ்லிம் வாசகருக்கு இந்த அளவுகோல் புதிதாக இராது. இவற்றுக்கு மாறாக, இந்தியாவின் சமண மரபில் சல்லேகனை எனும் உண்ணாநோன்பு மரணம் உண்டு. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 இல் அதைச் சட்டவிரோதம் என்றபோது, இந்திய உச்ச நீதிமன்றம் சில வாரங்களில் அந்தத் தீர்ப்பை இடைநிறுத்தியது.

மதப்பிடிப்புக்கும் இந்த விடயத்தில் மக்கள் எடுக்கும் நிலைக்கும் உள்ள தொடர்பு கருத்துக்கணிப்புகளிலும் தெரிகிறது. கலப் நிறுவனம் 2018 இல் அமெரிக்காவில் கேட்டபோது குணமாகாத நோயாளி கேட்டால் வைத்தியர் வலியின்றி அவர் உயிரை முடிப்பதை 72 வீதத்தினர் ஆதரித்தனர். வாரந்தோறும் தேவாலயம் செல்வோரிடம் அது 37 வீதமாக இறங்கியது. பிரித்தானியாவில் 2025 ஜூன் 20 அன்று பொதுச்சபை 314 க்கு 291 என்ற வாக்குகளால் இதற்கான சட்டமூலத்தை நிறைவேற்றிப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பியது. அப்போதைய நீதித்துறைச் செயலாளர் ஷபானா மஹ்மூத் ஒரு முஸ்லிம். தம் நம்பிக்கையை மறைக்காமலேயே அவர் சட்டமூலத்தை எதிர்த்தார். ஆனால் அவர் வைத்த வாதம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை: உயிரைக் காப்பதே அரசின் கடமை, முதியவர்களும் ஊனமுற்றவர்களும் தாங்கள் பாரம் என்று எண்ணி மரணத்தைத் தேர்ந்துகொள்ளும் நெருக்கடி உருவாகக் கூடாது.

அந்த அச்சம் தமிழருக்கு அந்நியமானதல்ல. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர்ப் பக்கம், படுக்கையில் விழுந்த முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உயிரை முடிக்கும் தலைக்கூத்தல் வழக்கம் இருந்திருக்கிறது. 2010 இல் 80 வயது முதியவர் ஒருவர் தன் வீட்டார் பேசியதைக் கேட்டுத் தப்பியோடியதும் விடயம் வெளியே வந்தது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கித் தேசிய விருது பெற்ற 'பாரம்' திரைப்படம் இந்த வழக்கத்தைத்தான் பேசியது. அங்கே "அவருக்கு விடுதலை" என்று சொல்லப்பட்டதன் பின்னால் வறுமையும் பராமரிக்க ஆளில்லாமையும் இருந்தன.

இந்தியச் சட்டம் இன்னொரு மருத்துவமனைக் கட்டிலருகே நின்று யோசித்தது. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனைத் தாதி அருணா ஷன்பாக் 1973 நவம்பரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். அவரை மரணிக்க விடும்படி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று, செயற்கை உயிர்காப்பை விலக்குவதற்குக் கொள்கையளவில் வழிதிறந்தது; ஆனால் அருணாவின் விடயத்தில் மறுத்தது. அவரைப் பல தசாப்தங்களாகப் பராமரித்த தாதியர் அவரை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. 2015 மே 18 அன்று நிமோனியாவால் அவர் இறக்கும்வரை அவர்களே பார்த்தார்கள். 2018 மார்ச் 9 அன்று வந்த 'கொமன் கோஸ்' வழக்குத் தீர்ப்பு, சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை இந்தியர்களுக்குத் தந்தது. 2023 இல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

உம்மாவின் கட்டில் எந்த வீட்டில்?

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடும்ப அமைப்பு இந்தக் கேள்விக்குத் தனி முகம் தருகிறது. இங்கே குடி எனும் குலப்பிரிவு தாய்வழி வருவது, வீடு மகளுக்கு, மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வுசெய்து 2008 இல் வெளியிட்ட நூலில் இந்த அமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார். அதனால் வயதான பெற்றோரின் கடைசிக் காலம் பெரும்பாலும் மகளின் வீட்டில், மகளின் கையில்தான் கழிகிறது.

அந்த அறை எப்படி இருக்கும் என்பது இப்பக்கத்தாருக்குத் தெரியும். காற்று வரட்டும் என்று கட்டிலை முன் மண்டபத்துக்கு இழுத்துப் போட்டிருப்பார்கள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே இருப்பாள் மூத்த மகள். நோய் விசாரிக்க வருவோர் தலைமாட்டில் நின்று பொருத்தம் கேட்பார்கள்: "ஏதாச்சும் மனம் நொந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருத்துக்கங்க." கொடுக்கல் வாங்கல் இருந்தால் கடனைப் பொறுப்பெடுப்பார்கள். யாரோ ஒருவர் மெதுவாகக் கலிமாவைக் காதருகே சொல்வார். சக்கராத்து எனும் மரண வேதனை இலேசாகட்டும் என்று யாசீன் ஓதப்படும். தண்ணீர் தொட முடியாதவர் தயம்மும் செய்துகொள்ளலாம், எழ முடியாதவர் படுத்தபடி சைகையால் தொழலாம் என்ற சலுகைகளும் மார்க்கம் நோயாளிக்குத் தந்தவைதான்.

ஒன்று மட்டும் பல இடங்களில் நடப்பதில்லை. நோயாளியிடம் அவருடைய நோயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "உம்மாட்டச் சொல்லிடாதீங்க டொக்டர்" என்று மகன் வெளியே நின்று கெஞ்சுவார். அதே மகன் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால் தொலைபேசியில், "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, கொழும்புக்குக் கொண்டுபோங்க" என்பார். பக்கத்தில் இருந்து இரவும் பகலும் பார்த்த தங்கைக்கு உம்மா இனிப் பயணம் தாங்கமாட்டார் என்று தெரியும். ஆனால் அதைச் சொன்னால் "நீ உம்மாவக் கைவிட்டுட்டாய்" என்று ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வார். கடைசியில் உம்மா எதை விரும்பினார் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

வஸிய்யத் எழுதிவைப்பதை ஆர்வமூட்டும் மார்க்கம் இது. சொத்து, கடன் பற்றிப் பேசுவதுபோல, "மூச்சுக்குழாய் போட வேண்டாம், நான் வீட்டில்தான் இருக்க விரும்புகிறேன்" என்பதையும் உடல் நன்றாக இருக்கும்போதே சொல்லிவைப்பதற்குத் தடையேதும் இல்லை.

அரசும் ஜனாஸாவும்

மரணத்தைச் சட்டத்தின் கையில் கொடுப்பதற்கு இலங்கை முஸ்லிம்கள் தயங்குவதற்கு அண்மைய வரலாறும் ஒரு காரணமாகிவிட்டது. கொவிட் காலத்தில், 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி அறிவித்தல் அந்நோயால் உயிரிழந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்றது. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் இருந்தும் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளான குழந்தையும் அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டபோது, நாடெங்கும் வேலிகளில் வெள்ளைக் கபன் துணி கட்டி மக்கள் துக்கம் தெரிவித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச்சிலிருந்து ஜனாஸாக்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

மவுத்தான உடலுக்குரிய உரிமையைக்கூட அரசு மதிக்காத காலத்தைக் கண்ட மக்கள், உயிரோடிருக்கும் நோயாளியின் கடைசி நேரத்தை அரசு வகுத்த நடைமுறைக்குள் விட எளிதில் துணியமாட்டார்கள். உதவியுடனான மரணம் பற்றிய விவாதம் என்றாவது இலங்கைப் பாராளுமன்றத்துக்கு வந்தால், அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்காமல் யாரும் கிழக்கில் பேச முடியாது.

மலப்புறம் காட்டிய வழி

உதவியுடனான மரணத்தை மறுப்பவர்கள் ஒரு கடமையையும் ஏற்கிறார்கள்: அந்த நோயாளியின் வலியை அப்படியே விட்டுவிட முடியாது. வலியைத் தணிக்க மருந்து உண்டு. வாயால் கொடுக்கும் மோர்பினை உலக சுகாதார ஸ்தாபனம் 1986 முதல் கடும் புற்றுநோய் வலிக்குப் பரிந்துரைத்து வருகிறது. விலை மலிவு. நான்கு மணிநேரத்துக்கொருமுறை, நோயாளிக்கேற்ற அளவில், மலச்சிக்கலுக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் தூங்காதவர் தூங்குவார். பேசாதவர் பிள்ளைகளோடு பேசுவார். சரியான அளவில் கொடுக்கப்படும் மோர்பின் ஆளைக் கொல்வதில்லை. "போதை மருந்துதானே, ஹராமில்லையா?" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது: மருத்துவத் தேவைக்காக வைத்தியர் தரும்போது ளரூரத் (நிர்ப்பந்தத் தேவை) என்ற விதி அதற்கு இடம் தருகிறது.

2017 இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆண்டுதோறும் 61 மில்லியனுக்கும் அதிகமானோர் தணிக்கக்கூடிய கடும் வேதனையை அனுபவிக்கிறார்கள். அவர்களில் பத்தில் எட்டுப் பேர் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள்.

இந்த விடயத்தில் கல்முனைக்கு மிக நெருங்கிய முன்மாதிரி கேரளத்தின் மலப்புறம் மாவட்டம். அங்கே சனத்தொகையில் 70 வீதத்தினர் முஸ்லிம்கள். பள்ளிவாசலும் மத்ரஸாவும் வளைகுடாப் பணமும் ஊர் வாழ்வில் கலந்தவை. 1993 இல் வைத்தியர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் கோழிக்கோட்டில் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தை நடத்தத் தொடங்கினார்கள். வைத்தியசாலைக்கு வரமுடியாத நோயாளிகளே அதிகம் என்று கண்டதும் வேலை ஊர்களுக்கு இறங்கியது. மலப்புறத்தில் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், வீட்டுப் பெண்கள் பயிற்சி பெற்றுத் தொண்டர்களானார்கள். கிழமைதோறும் ஒரு தாதியோடு வீடு வீடாகப் போனார்கள். படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டினார்கள், சிறுநீர்க்குழாயை மாற்றினார்கள், இரண்டு மணிநேரத்துக்கொருமுறை நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அடுப்பெரியாத வீட்டுக்கு அரிசியும் கொண்டுபோனார்கள். செலவுக்கு ஊரார் போட்ட சில்லறைக் காசே பெரும் துணை. 2008 இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது.

இலங்கையிலும் தொடக்கம் இருக்கிறது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பக்கபலமாக இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் 'சாந்த செவண' இல்லம் இயங்குகிறது. 2019 முதல் 2023 வரையான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்பு மூலோபாயச் சட்டகத்தைச் சுகாதார அமைச்சு வெளியிட்டது. ஆனால் மஹரகம கல்முனையிலிருந்து நாட்டின் மறுகரையில் இருக்கிறது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். எலும்பு வலியோடு ஒரு நோயாளி பஸ்ஸில் அவ்வளவு தூரம் போய்வருவது இலேசான காரியமில்லை. பராமரிப்பு வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

அதற்கான கைகள் இந்தக் கரையில் இருக்கின்றன. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் சில நிமிட இடைவெளியில் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மருதமுனையையும் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் அடித்துப் போனபோது, அரச உதவி வருமுன் மையத்துகளைத் தூக்கியதும் பள்ளிவாசல்களில் சோறு சமைத்ததும் ஊர் இளைஞர்கள்தான். ஜனாஸா வாகனம், கபன், குளிப்பாட்ட ஆட்கள், கப்று வெட்ட ஆட்கள் என்று மவுத்துக்குப் பிறகான எல்லாவற்றையும் ஊர் ஒழுங்குபண்ணி வைத்திருக்கிறது. குடிக்குக் குடி பொறுப்பாளராக மரைக்காயர் இருக்கிறார். ஸக்காத் நிதியங்கள் இயங்குகின்றன.

அந்த ஒழுங்கை மவுத்துக்கு முந்திய மாதங்களுக்கும் நீட்ட முடியும். ஒவ்வொரு பள்ளிவாசல் மஹல்லாவிலும் படுக்கையில் இருப்போரின் பட்டியல் ஒன்று, பயிற்சி பெற்ற பத்துப் பெண்கள், கிழமைக்கொருமுறை வரும் தாதி, காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் இரவல் கொடுக்கும் ஓர் அறை. இவற்றோடு தொடங்கலாம். மார்க்கத்துக்கும் மருத்துவத்துக்கும் இடைப்பட்ட கேள்விகளுக்கு, 1924 இல் உருவான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் வைத்தியர்களும் சேர்ந்து எளிய தமிழில் ஒரு கைநூல் தரலாம்: எந்தச் சிகிச்சையை மறுக்கலாம், மோர்பின் எப்போது, இயந்திரத்தை நிறுத்துவது பற்றி யார் முடிவெடுப்பது என்று. ஒரு ஜும்ஆ குத்பாவில் அது பேசப்பட்டால், அடுத்த கிழமையே வைத்தியசாலை வராந்தாவில் நிற்கும் மகளுக்கு வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.